இடது பெடலில் நின்று இறங்குபவர்கள்

உங்க சீனியர் பாஸ் அவுட் ஆகிப் போகும்போது சைக்கிளை விற்கிறார் என்றால் என்ன பார்ப்பீங்க? டயரை அமுக்கிப் பார்ப்பீங்க, பிரேக்கைப் பிடிச்சுப் பார்ப்பீங்க, செயினில் துரு இருக்கான்னு பார்ப்பீங்க. தயவுசெய்து ஒரு தடவை குனிஞ்சு பெடலையும் பாருங்க. நான் பார்க்கலை.

போன ஏப்ரல் கடைசியில், ஹாஸ்டலைக் காலி செய்யும் அவசரத்தில் இருந்த ஒரு சீனியரிடம் ரோடு சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ரெண்டு விரல் தடிமன்கூட இல்லாத டயர். அவர் கிரவுண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினார். நான் ஓட்டிப் பார்க்கவில்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கூடவே ஒரு ஜோடி ஷூவும் கொடுத்தார். அவருக்கு 10, எனக்கு 7. ஏதோ ஷூ இலவசம் என்று நினைத்து சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். பொதிகை எக்ஸ்பிரஸில் பார்சல் போட்டு, தென்காசி ஸ்டேஷன் வாசலில் பிரித்து, ஸ்டைலாக ஏறி உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கால் வைக்க இடமே இல்லை. பெடல் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையைவிடச் சின்னதாக, வழவழவென்று ஏதோ ஒன்று மூக்கை மேலே தூக்கிக்கொண்டு தொங்கியது. அதில் செருப்புக் காலை வைத்தால் சோப்பு மேல் வைத்த மாதிரி.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே போனேன். அப்பா வாசலுக்கு வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஏல, என்ன சைக்கிள்ல இது? ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, பெல்லு இல்ல. பெடலு எங்கல?"

அப்பா கேட்டது சரியான கேள்வி. இந்த வகைக்கு கிளிப்லெஸ் பெடல் என்று பெயர். பெயரே ஒரு கூத்து. கிளிப் இல்லாத பெடல் என்று சொல்லிவிட்டு, காலைக் கிளிப் போட்ட மாதிரி மாட்டி வைக்கும். காரணம் பழசு. அந்தக் காலத்து ரேஸ் சைக்கிள்களில் பெடலுக்கு முன்னால் ஒரு கம்பிக் கூண்டும் தோல் பட்டையும் இருக்கும். ஷூவை அதற்குள் நுழைத்துப் பட்டையை இறுக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கூண்டுக்குத்தான் 'டோ கிளிப்' என்று பெயர். 1984-ல் பிரான்ஸின் லுக் நிறுவனம், பனிச்சறுக்குக் கட்டையில் பூட்ஸை மாட்டும் பொறியை வருஷக்கணக்காகச் செய்து பழகியவர்கள், அதே யோசனையைப் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். 1985-ல் பெர்னார்ட் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை ஜெயித்தார். அதற்கப்புறம் கூண்டு போய்விட்டது, அது இல்லாததால் வந்த பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வேலை செய்யும் விதம் எளிது. ஷூவின் அடியில் 'கிளீட்' என்று ஒரு கட்டை திருகியிருக்கும். அதன் மூக்கைப் பெடலின் முன்பக்கம் நுழைத்து, பின்னால் அமுக்கினால் ஸ்பிரிங் போட்ட கொக்கி 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். கழற்ற வேண்டுமா, குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். தூக்கினால் வராது, திருப்பினால்தான் வரும். இந்த ஒரு வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் வரப்போகிறது. ஷிமானோ 1990-ல் கொண்டுவந்த எஸ்பிடி வகையில் கிளீட் சின்ன இரும்புத் துண்டு, ஷூவின் ரப்பர் அடிக்குள் பதுங்கியிருக்கும், ஓரளவு நடக்கலாம். என் சைக்கிளில் இருந்தது ரோடு ரேஸ்காரர்களின் மூணு போல்ட் வகை. கிளீட் பெரிய பிளாஸ்டிக், ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நடந்தால் வாத்து நடை.

அந்த வாத்து நடையையும் நடந்து பார்த்தேன். ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டு, சீனியரின் ஷூவை மாட்டி, ஒரு நாள் குற்றாலத்துக்குக் கிளம்பினேன். தென்காசியிலிருந்து மேலகரம் வழியாக அஞ்சாறு கிலோமீட்டர்தான். சீசன் நேரத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நேராக முகத்தில் அடிக்கும். போகும்போது மூச்சு வாங்கும், திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். உண்மையைச் சொல்லணும்னா, அந்த எதிர்காற்றில் கால் பெடலோடு ஒட்டியிருப்பது சுகமாகத்தான் இருந்தது. குண்டு குழியில் கால் நழுவாது, வேகமாக மிதித்தாலும் பாதம் இடம் மாறாது. யூடியூபில் சொல்வது போல மேலே இழுத்து இரட்டைப் பலம் எல்லாம் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. தள்ளுகிற காலில்தான் பலம்.

பிரச்சினை பேரருவியில் ஆரம்பித்தது. குற்றாலம் போயிருந்தால் உங்களுக்குத் தெரியும், அருவிக்கரை முழுக்க வழுக்கும். தலையிலிருந்து கால்வரை தண்ணீர் வழிய மனிதர்கள் நடந்துபோகிற தரை அது, மேலே சாரல் வேறு. அதில் பிளாஸ்டிக் கட்டை துருத்திய ஷூவோடு நாலு அடி வைத்தேன். அஞ்சாவது அடியில் ஒரு மங்குஸ்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷூவைக் கழற்றி எங்கே வைப்பது? சைக்கிளில் மாட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்குமா? சாக்ஸோடு குளிக்கவா போகிறோம்? குளிக்காமலே திரும்பினேன். யோசித்துப் பார்த்தால் நம்ம ஊரில் சைக்கிளில் எங்கே போனாலும் முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அருவிக்குப் போனால் கழற்றணும், காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனால் கழற்றணும், ஒரு வீட்டுக்குப் போனாலும் கழற்றணும். காலோடு சேர்த்துப் பூட்டுகிற ஷூவுக்கு இங்கே வேலை கம்மி.

அப்போதுதான் நெட்டில் அடாப்டர் கண்ணில் பட்டது. விஷயம் இதுதான்: ஒரு பிளாஸ்டிக் பலகை, அதன் அடியில் ஷூவில் இருப்பது போலவே ஒரு கிளீட். பெடலில் வைத்து அமுக்கினால் 'டக்'கென்று உட்கார்ந்துகொள்ளும். மேல்பக்கம் சொரசொரவென்று புள்ளிகள். அவ்வளவுதான், சாதா செருப்போடு ஓட்டலாம். ஸ்பேனர் வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம், பெடலை மாற்ற வேண்டாம். விலை ஆயிரத்தி எண்ணூறு. வாங்கிவிட்டேன்.

மூணு வாரம் ராஜவாழ்க்கை. தினமும் காலையில் ஐந்தருவி வரைக்கும் ஒரு ஓட்டம். சில குறைகள் இருந்தன, சொல்லிவிடுகிறேன். பலகை மாட்டிய பிறகு பெடலின் எடை மாறிவிடுவதால், நின்று கிளம்பும்போது அது தலைகீழாகத் தொங்கும். கால் நுனியால் புரட்டிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். பாதம் முன்னைவிட ஒரு விரல் உயரத்தில் இருப்பதால் சீட்டையும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. பலகை அகலம் என்பதால் வளைவில் சாய்த்துக்கொண்டே மிதித்தால் ரோட்டில் உரசும். அப்புறம் ஒரு 'கிறீச்' சத்தம், பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் சண்டை போடுவது போல. இதெல்லாம் பழகிவிட்டது.

ஜூன் நடுவில் ஒரு நாள் விடிகாலை. நல்ல சாரல். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அப்பா பால் வாங்க என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அவர் அதைத் தொடவே மாட்டார் என்று நினைத்திருந்தேன். பெல் இல்லை, கேரியர் இல்லை என்று தினமும் நக்கல் செய்தவர்தானே. ஆனால் நாற்பது வருஷம் சைக்கிள் ஓட்டிய மனுஷர். பெரிய சைக்கிளில் சீட் எட்டாத வயதில், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர். மொபெட் வாங்கிய பிறகு அவருடைய பழைய சைக்கிளை எடைக்குப் போட்டுவிட்டோம். வீட்டில் மறுபடி ஒரு சைக்கிள் நின்றால் கை சும்மா இருக்குமா?

நான் எழுந்து வந்தபோது அவர் சைக்கிளை வலது கையால் தள்ளிக்கொண்டு தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். இடது கையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார். சட்டைப் பையில் என்னுடைய பலகை ஒன்று துருத்திக்கொண்டு நின்றது.

"பால் பாக்கெட் உடையலல" என்றார் முதலில்.

எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பில் விரிசல். மாவுக்கட்டு, ஆறு வாரம். அப்பா தையல்காரர். ஜூன் மாதம் என்றால் எங்கள் கடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மலை மாதிரி கிடக்கும். வருஷத்தில் கையில் காசு புரளுகிற மாதமே அதுதான். ஒரு கையால் துணியைத் தள்ளி இன்னொரு கையால் பிடிக்காமல் தையல் மிஷினில் என்ன செய்ய முடியும்? பாதித் துணியைப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்தோம். மீதியை அம்மா தைத்தார்கள். நான் காஜா எடுத்து பட்டன் கட்டினேன். மூணு வருஷ மெக்கானிக்கலுக்கு அந்த மாதம் கிடைத்த சம்பளம், ஊசி குத்தின விரல்கள். கடைக்கு வருகிறவர்கள் கட்டைப் பார்த்து விசாரித்தால் அப்பா, "பாத்ரூம்ல வழுக்கிட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம். அது என் சைக்கிள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

மூணு வாரம் எனக்குக் கழலாத பலகை அவருக்கு ஒரே நாளில் ஏன் கழன்றது? மழையா? அவர் எடையா? ஒரு மத்தியானம் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, அப்பா எப்படி ஓட்டுவார் என்று யோசித்து அப்படியே செய்து பார்த்தேன். நான் சைக்கிளை நிறுத்தும்போது பாருக்கு ரெண்டு பக்கமும் காலை ஊன்றி நிற்பேன், வீடியோக்களில் வருகிறவர்கள் போல. அப்பா அப்படி இறங்க மாட்டார். அப்பா தலைமுறையில் யாருமே அப்படி இறங்க மாட்டார்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது பெடலில் முழு எடையையும் போட்டு நின்று, வலது காலைப் பின்சக்கரத்துக்கு மேலாகத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து, அப்படியே ரெண்டு எட்டு ஓடி நிறுத்துவார்கள். பார்க்க அழகாக இருக்கும். நீங்களும் உங்கள் தாத்தாவிடமோ போஸ்ட்மேனிடமோ பார்த்திருப்பீங்க.

எழுந்து நின்று ஒரு தடவை செய்து பாருங்க, சைக்கிள் இல்லாமலே. இடது காலில் நின்று வலது காலைப் பின்னால் வீசுங்க. இடுப்பு வலப்பக்கமாகத் திரும்பும். நின்றிருக்கும் இடது காலின் விரல்கள் சைக்கிள் பக்கம் போகும், குதிகால் வெளிப்பக்கம் போகும். குதிகால் வெளியே திரும்பினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேனா? கொக்கி விடும்.

அதாவது, என் அப்பா எந்தத் தப்பும் செய்யவில்லை. நாற்பது வருஷமாகச் சரியாகச் செய்ததையே அன்றைக்கும் செய்தார். அந்தப் பெடலுக்கு மட்டும் அது 'என்னை விட்டுவிடு' என்ற கட்டளை. ஷூ போட்டவனுக்குக் கொக்கி விட்டால் கால் விடுதலையாகும். பலகை மேல் நிற்கிறவனுக்குக் கொக்கி விட்டால் நிற்கிற தரையே போய்விடும். அதுவும் ஒற்றைக் காலில், முழு எடையோடு, ஈர ரோட்டில். சொரசொரப்பான புள்ளிகள் காலை நன்றாகப் பிடித்ததால், திருப்பமும் நன்றாகவே பலகைக்குப் போயிருக்கிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து தடவை அப்படி இறங்கிப் பார்த்தேன். ஒன்பது தடவை பலகை கழன்றது. பெடலின் பின்னால் ஸ்பிரிங்கை இறுக்க ஒரு குட்டி ஸ்க்ரூ உண்டு. சீனியர் அதை ரொம்ப லூசாக வைத்திருந்தார், நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆலன் கீ போட்டு முழுசாக இறுக்கிவிட்டு இன்னும் பத்து தடவை. மூணு தடவை கழன்றது. பத்துக்கு மூணு என்பது பால் வாங்கப் போகிற ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய கணக்கு இல்லை. ஃபிரெண்ட்ஸிடம் கிளீட் என்றும் ஸ்பிரிங் என்றும் அரைமணி நேரம் கதை அளந்திருக்கிறேன். வீட்டில் ஒரு வார்த்தை, "அப்பா, இது திருப்புனா கழண்டுரும்" என்று சொன்னதில்லை.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணாச்சி பெடலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத எவம் தம்பி ஒன் தலையில கட்டுனது?"

சாதா பெடல், அகலமாக, ஓரத்தில் பல் வைத்தது, ஜோடி நானூறு ரூபாய். மாட்டுவதற்குக் கூலி முப்பது. அடாப்டர் விலையில் நாலு ஜோடி வாங்கியிருக்கலாம். மாட்ட அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. ரோடு சைக்கிள் பெடலும் நம்ம ஊர் சாதா பெடலும் ஒரே மரைதானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. இந்த மாதிரி மூணு துண்டு கிராங்க் உள்ள சைக்கிள்களில் பெரும்பாலும் 9/16 அங்குல மரைதான், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது இடது பெடலுக்கு. நானே கழற்றிப் பார்க்கிறேன் என்று வீட்டில் ஏற்கனவே ஸ்பேனர் போட்டு, தொங்கி, மரையை இன்னும் இறுக்கி வைத்திருந்தேன். இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும்.

ஏன் தலைகீழ் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "அப்பத்தாம் மிதிக்க மிதிக்க கழறாது" என்றார். பதில் சரி, காரணம் சுவாரசியம். பெடல் சுழலும்போது அதன் பேரிங் உரசல் அச்சை எந்தப் பக்கம் இழுக்கும் என்று யோசித்தால், இப்போது இருக்கிற மரை கழலவேண்டிய மரை! ஆனால் கழல்வதில்லை. ஒரு பேனாவை உள்ளங்கைக்குள் தளர்வாகப் பிடிச்சுக்கிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை இன்னொரு கையால் வட்டமாகச் சுற்றுங்க. நீங்க சுற்றுகிற திசைக்கு எதிர்த் திசையில் பேனா தன்னைத் தானே உருட்டிக்கொள்ளும். காலின் எடை பெடல் அச்சைக் கிராங்க் ஓட்டைக்குள் அப்படித்தான் உருட்டுகிறது. அந்த உருளல் பேரிங் உரசலைவிடப் பலமானது, அதனால் மிதிக்க மிதிக்க இறுகுகிறது. விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், 1900-ல் கழன்று போகாத பெடல் என்று இதைச் சொல்லித்தான் விளம்பரம் செய்தார்கள். மெஷின் டிசைன் பேப்பரில் இது வராது, ஆனாலும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

அடாப்டரே குப்பை என்று சொல்ல வரவில்லை. வாரக்கடைசியில் ஷூ மாட்டி நூறு கிலோமீட்டர் போகிறவர், மற்ற நாளில் முக்குக் கடைக்குச் செருப்போடு போக அது போதும். அவருக்கு மட்டும் போதும். ஸ்க்ரூவை இறுக்கி, ஏறும் முன் பலகையை ஒரு தடவை கையால் முறுக்கிப் பார்த்து, ரெண்டு காலையும் ஊன்றி இறங்கத் தெரிந்திருந்தால் சரி. ரெண்டும் வேண்டுமென்றால் ஒரு பக்கம் கொக்கியும் மறுபக்கம் சாதாவுமாக ஒரே பெடல் கிடைக்கிறது, காசு இருந்தால் அதை வாங்குங்க. ஆனால் ஹாஸ்டலில் ஒரு சைக்கிள் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. "மச்சான், சாவி குடு"ன்னு யாராவது எடுத்துக்கிட்டுப் போவான். அவன் எப்படி இறங்குவான்னு உங்களுக்குத் தெரியுமா?

புதுப் பெடலை மாட்டும்போது மரையில் கொஞ்சம் க்ரீஸ் தடவச் சொல்லுங்க, இல்லைன்னா அடுத்த தடவை கழற்ற என்னை மாதிரித் தொங்கணும். பழைய பெடலும் சீனியரின் ஷூவும் பரண் மேல் இருக்கின்றன. 10 சைஸ் கால் உள்ளவர்கள் ஹாஸ்டலில் என்னைத் தொடர்புகொள்ளலாம். பலகை ரெண்டையும் தருவதாக இல்லை.

கட்டு பிரித்த பிறகு ரொம்ப நாள் அப்பா சைக்கிள் பக்கமே வரவில்லை. ஆகஸ்டில், நான் காலேஜுக்கு ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் காலை, கேட் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தேன். தூக்குவாளியை ஹேண்டில்பார் கொம்பில் மாட்டிக்கொண்டு போனவர், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். வாசல் நெருங்கியதும் தெருவை ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். இடது பெடலில் எழுந்து நின்றார். வலது கால் பின்னால் உயர்ந்து இந்தப் பக்கம் வந்தது. ரெண்டு எட்டு ஓடி, நின்றார்.

பிறகு குனிந்து, பெடலைக் கையால் ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "ஒரு பெல்லு மட்டும் மாட்டுல" என்றார்.